யானைக்கு ஓர் அனுமதிச் சீட்டு

மட்டாஞ்சேரியில் வளரும் குழந்தைகளுக்குக் கப்பல் என்பது ஓர் அதிசயப் பொருளன்று. டச்சு அரண்மனையைக் கடந்து படகுத்துறைக்கு வந்து கழுத்தைச் சற்றே உயர்த்தினால் போதும். எதிர்க்கரையிலுள்ள வெலிங்டன் தீவின் ஓரத்தில் ஏதேனும் ஒரு கப்பல் சரக்கை இறக்கிக்கொண்டோ, ஏற்றிக்கொண்டோ, அல்லது இரண்டும் இல்லாமல் கம்பீரமாகச் சும்மாவோ நின்றுகொண்டிருக்கும். கைக்குழந்தைகளை இடுப்பில் தூக்கி வைத்துக் கப்பலைக் காட்டிச் சோறூட்டுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பிற ஊர்களில் நிலாவுக்கு உள்ள உத்தியோகம் இங்கே கப்பலுக்கு. ஆகையால், என் பேரக் குழந்தைகள் இருவரையும் லட்சத்தீவுகளுக்குக் கப்பலில் அழைத்துப் போவதென்று என் மருமகன் தீர்மானித்தபோது, அவர்களுக்குப் பயம் உண்டாகக்கூடும் என்ற நினைவே எங்களில் எவருக்கும் எழவில்லை. கப்பலைக் கரையில் நின்று பார்ப்பது வேறு, அதன் வயிற்றுக்குள் புகுந்து படுத்து உறங்குவது வேறு என்ற சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்தவள் எட்டு வயதுப் பெரியவள். அந்தக் கண்டுபிடிப்பைப் பிரசாரம் செய்தவன் ஐந்து வயதுச் சின்னவன்.

மருமகன் கொண்டுவந்த திட்டம் கவர்ச்சிகரமானது என்பதில் ஐயமில்லை. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாச் சங்கம் ‘சமுத்திரம்’ என்ற பெயரில் நடத்தும் அந்த யாத்திரையில், கொச்சியிலிருந்து ‘எம்.வி. கவரத்தி’ என்னும் கப்பலில் புறப்பட்டு, இரவெல்லாம் கடலில் சென்று, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளில் ஒவ்வொன்றாக இறங்கிச் சுற்றிப் பார்த்து, மாலையில் கப்பலுக்கே திரும்பி வந்து உண்டு உறங்க வேண்டும். விசாகப்பட்டினத்து ஹிந்துஸ்தான் கப்பல் தளத்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பலில் சுமார் 700 பேர் பிரயாணம் செய்யலாம். கொச்சியிலிருந்து அத்தீவுகள் 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. வெளியார் எவரும் அங்கே கால் வைக்க நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். படிவங்களும் புகைப்படங்களும் நகல்களும் கையெழுத்துகளுமாக வீடு நிறைந்துபோன அந்த வாரத்தில் மனப்பூர்வமான சந்தோஷத்தோடு இருந்தவன் நான் ஒருவன்தான். யூதத்தெருவில் ஒரு மிளகு வியாபாரக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஏறக்குறைய நாற்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவனுக்குப் படிவத்தைப் பார்த்தால் ஏற்படும் பரவசம் மற்றவர்களுக்கு விளங்காது.

கேள்விகள் இராச்சாப்பாட்டு வேளையில் ஆரம்பமாயின. “தாத்தா, ராத்திரி டிரைவர் தூங்கிட்டா கப்பலை யாரு ஓட்டுவா?” என்றான் சின்னவன். “ஆணி தண்ணியில முங்கிப் போகுது. கப்பலும் இரும்புதானே, அது மட்டும் ஏன் முங்காது?” என்றாள் பெரியவள். கப்பலில் போகும் கக்கூஸ் எங்கே விழும், அது மீனின் தலையில் விழுந்தால் மீன் கோபித்துக்கொள்ளாதா, நடுக்கடலில் ஜுரம் வந்தால் ஆட்டோ கிடைக்குமா, சின்னவன் கட்டிக்கொண்டு தூங்கும் துணியானைக்கும் அனுமதி வாங்கியாயிற்றா என்று வரிசையாக வந்த வினாக்களில் ஒன்றுகூட அசட்டு வினா அல்ல என்பதை அப்போதே கவனித்தேன். கப்பல் கம்பெனிகளை ஸ்தாபித்த பெரியவர்கள் எல்லோரும் என்றோ ஒரு நாள் தங்களையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்விகள்தாம் அவை.

என் மருமகன் காக்கநாட்டில் கணினி உத்தியோகம் பார்ப்பவர். நவீன முறைகளில் நம்பிக்கையுடையவர். அவர் கைப்பேசியை எடுத்து, அமெரிக்காவில் ஓடும் ஏதோ ஒரு பிரம்மாண்டமான உல்லாசக் கப்பலின் காட்சியைக் காட்டி, “பயப்படாதீங்க கண்ணுகளா, ஜாலியா இருக்கும்” என்றார். இருபது மாடி உயரமுள்ள அந்த மிதக்கும் பட்டணத்தின் உச்சியிலிருந்து குழந்தைகள் சறுக்குமரத்தில் வீழ்ந்து அலறுவதைப் பார்த்த பெரியவள், அந்த அலறல் சந்தோஷத்தால் விளைந்தது என்ற வியாக்கியானத்தை ஏற்கவில்லை. அதோடு, பயப்படாதே என்ற வார்த்தைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. பயப்பட வேண்டிய ஏதோ ஒன்று சமீபத்தில் இருக்கிறது என்ற செய்தியைக் குழந்தைக்கு முதன்முதலாக அறிவிப்பது அநேகமாக அந்த வார்த்தைதான். பல் வைத்தியர் அதைச் சொல்லும் வரையில் நானே நாற்காலியில் நிம்மதியாகத்தான் சாய்ந்திருப்பேன்.

இந்நிலையில் செய்தி திருநெல்வேலிக்கு எட்டி, என் தமக்கையார் ஒரு மூட்டைக் கருப்பட்டியோடு பாலருவி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். நாங்கள் கப்பலேறும் நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கென்று அவர் வந்ததாக ஏற்பாடு. ஆனால், வந்த அன்றே வீட்டின் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். “ஏ தம்பி, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பச்சப் பிள்ளையளப் போயி கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறேங்கியே” என்று எனக்கு ஆசி கூறிவிட்டு, குழந்தைகளை இரு தொடைகளிலும் இருத்திக்கொண்டு, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதையும், பாம்பனிலிருந்து போன ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டதையும், தாம் அந்நாளில் கேள்விப்பட்ட வண்ணம் சாங்கோபாங்கமாக விவரித்து, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும், “ஆனா நீங்க பயப்படாதீங்க, என்ன?” என்று முத்தாய்ப்பு வைத்தார். குழந்தைகள் அன்று இரவு விளக்கை அணைக்க விடவில்லை.

அப்போதுதான் எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டது. பயத்துக்கு மாற்று தைரியம் என்று நீதி நூல்களை எழுதியவர்கள் கருதுகிறார்கள். என் அனுபவத்தில் பயத்துக்கு மாற்று அலுப்பு. எந்த விஷயத்தைப் பற்றி ஒருவனுக்கு அலுத்துப் போகும்வரை விவரம் தெரிந்திருக்கிறதோ, அந்த விஷயம் அவனை அச்சுறுத்துவது கடினம். மனிதர்களை அலுக்கச் செய்யும் கலையிலோ, கணக்குப் பிரிவின் பயிற்சியினால் நான் பெற்றிருக்கும் தேர்ச்சியை என் குடும்பத்தார் முப்பது வருஷமாக ஒப்புக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆதலால், பிள்ளைகளின் சந்தேக நிவர்த்தியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டுமென்று விஞ்ஞாபனம் செய்துகொண்டேன். மருமகன் மட்டும், “மாமா, குழந்தைங்களுக்கு போர் அடிச்சிரும்” என்று எச்சரித்தார். அதுதான் உத்தேசம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

முதல் பாடம் கொல்லைப்புறத்துக் கல்தொட்டியில் நடந்தது. ஆணியைப் போட்டோம், முங்கிற்று. சமையலறையிலிருந்து பெரிய இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து மிதக்க விட்டோம், மிதந்தது. ஆணியைக் காட்டிலும் பன்மடங்கு கனமான சட்டி மிதப்பானேன் என்ற பிரச்னையைப் பெரியவள் ஒரு நாழிகை கண்ணிமைக்காமல் ஆராய்ந்தாள். சட்டி தன் வயிற்றின் அளவுக்குத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது, ஒதுக்கப்பட்ட தண்ணீரின் எடைக்குச் சட்டி ஈடாகும் வரையில் தண்ணீர் அதைத் தாங்குகிறது என்று ஆர்க்கிமிடீஸின் வாக்கை நான் கூறியபோது, அவள் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. உள்ளே ஓடி ஒரு படி மிளகைக் கொண்டுவந்து, கைப்பிடி கைப்பிடியாகச் சட்டியில் போட ஆரம்பித்தாள். பாரம் ஏற ஏறச் சட்டி தாழ்ந்தது. மிளகு முழுவதையும் ஒரே பக்கத்தில் குவித்தபோது சட்டி சாய்ந்து, உயர்ந்த ரக மிளகு அரைப்படி ஜலசமாதி அடைந்தது. பாரத்தைச் சமமாகப் பரப்ப வேண்டும் என்ற கப்பற்சாஸ்திரத்தின் ஆதார விதியை அவள் கற்றதற்கு அந்த அரைப்படி தகுந்த குருதட்சிணை என்று நான் கருதினேன். என் மனைவி அவ்வாறு கருதவில்லை. அன்று வெந்தயக் குழம்பு பித்தளை உருளியில் செய்யப்பட்டது. அதன் ருசியைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

பாரம் எவ்வளவு வரையில் ஏற்றலாம் என்ற கேள்வி உடனே பிறந்தது; அது எனக்கு மிகவும் உவப்பான கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் முதலாளிகள் சிலர் லாபத்துக்காக அளவுமீறிச் சரக்கேற்றி மாலுமிகளைக் கடலுக்குப் பலியிட்டு வந்ததையும், சாமுவேல் பிளிம்சால் என்ற பாராளுமன்ற அங்கத்தினர் சபையிலே ஆவேசமாகச் சண்டையிட்டு 1876-ல் சட்டம் கொண்டுவரச் செய்ததையும், அது முதல் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரையும் வழக்கம் உண்டானதையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அக்கோட்டுக்கு மேல் தண்ணீர் வரலாகாது. அதன் அருகே ஏணிப்படிகளைப் போன்ற சிறு கோடுகளும் எழுத்துகளும் இருக்கும்: கோடைக்கு ‘எஸ்’, குளிர்காலத்துக்கு ‘டபிள்யூ’, உஷ்ணப் பிரதேசத்துக்கு ‘டி’, நன்னீருக்கு ‘எஃப்’. நன்னீர் உப்புநீரைவிட லேசானதால் அதில் கப்பல் சற்று அதிகம் ஆழ்கிறது. குளிர்காலக் கடல் முரட்டுத்தனமானதால் அப்போது பாரத்தைக் குறைக்க வேண்டும். பெரியவளுக்கு வட்டமும் கோடும் போதுமாயிருந்தன. சின்னவனுக்கோ எழுத்துகள் அனைத்தும் வேண்டியிருந்தன; சட்டியின் விலாவில் சாக்கட்டியால் எல்லாவற்றையும் எழுதி, அதற்குப் பிறகு வீட்டிலுள்ள அண்டா, குடம், ஆச்சியின் வெற்றிலைச் செல்லம் ஆகியவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பை விரிவுபடுத்தினான்.

டிரைவரின் நித்திரை பற்றிய விவகாரம் எளிதில் தீர்ந்தது. கப்பலை ஓட்டுபவர் ஒருவரல்லர். நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்று அதிகாரிகள் முறைவைத்துக்கொண்டு இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருப்பார்கள் என்று ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினேன். கட்டம் போட்ட காகிதத்துக்குக் குழந்தைகளிடம் இருக்கும் மதிப்பு ஆச்சரியகரமானது. துறைமுகத்தை விட்டு வெளியேறும் வரையில் வழிகாட்டுவதற்கென்று பைலட் ஒருவர் கூடவே வருவார், கால்வாய் முடிந்ததும் ஓடும் கப்பலிலிருந்து கயிற்றேணி வழியாக இறங்கித் தம்முடைய சிறு படகில் ஊர் திரும்பிவிடுவார் என்று சொன்னபோது, சின்னவன் தான் பெரியவனானதும் பைலட் ஆகப்போவதாக அறிவித்தான். காரணம் கேட்டேன். “கப்பலும் ஓட்டலாம், ராத்திரி வீட்டுக்கும் வந்துரலாம்” என்றான். கக்கூஸ் விஷயத்தில், கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டி கப்பலுக்குள்ளேயே உண்டென்றும், கரையோரக் கடலில் அதை அப்படியே கொட்டலாகாதென்று சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறதென்றும் விளக்கினேன். மீன்களின் மனம் கோணாதிருக்க உலகத்து அரசாங்கங்கள் ஒன்றுகூடிச் சட்டம் செய்திருப்பதை அறிந்து அவன் அடைந்த திருப்தியை, அந்த அரசாங்கங்களின் பிரதிநிதிகள் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

டைட்டானிக் வராமலிருக்குமா? பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் உபயத்தால் அதுவும் வந்து சேர்ந்தது. லட்சத்தீவுக் கடலில் பனிப்பாறை கிடையாது என்று சொல்லி முடித்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால், சின்னவன் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில், விசைப்படகுகளில் பாளம் பாளமாக ஐஸ் ஏற்றுவதைக் கண்ணாரக் கண்டவன். “அந்தப் படகிலேருந்து ஐஸ் கீழே விழுந்தா, அது கடல்ல மிதந்து வரும்ல?” என்றான். கொச்சிக் கடலின் உஷ்ணத்தில் ஒரு பாளம் எத்தனை நேரம் தாங்கும் என்பதை அறிய ஐஸ் வாங்கி வந்து, அதே கல்தொட்டியில் உப்புநீர் கலந்து மிதக்கவிட்டு, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு மூவரும் காத்திருந்தோம். பாதியிலேயே பெரியவள் அலுத்துப்போய் எழுந்து போனாள். என் சித்தாந்தத்துக்குக் கிடைத்த முதல் வெற்றியாக அதை நான் குறித்துக்கொண்டேன்.

இருப்பினும் டைட்டானிக்கை அப்படியே விட்டுவிட மனமில்லை. ஏனெனில், அந்தக் கதையில் பயமூட்டும் பாதியைத்தான் சினிமா எடுத்தார்கள், ஆறுதலளிக்கும் மறுபாதி அலுப்பானது என்று விட்டுவிட்டார்கள். 1912 ஏப்ரலில் சுமார் 2,200 பேரோடு போன அந்தக் கப்பலில் உயிர்காப்புப் படகுகள் இருபதுதான். அவற்றில் 1,178 பேருக்குத்தான் இடம். அந்தப் பாதகத்தைக் கண்டு திடுக்கிட்ட தேசங்கள் 1914-ல் கூடி, கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் இருக்க வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும் என்றெல்லாம் உடன்படிக்கை செய்தன. அந்த ஒத்திகையின் அறிகுறி, குறுகிய ஊதல் ஏழு, நீண்ட ஊதல் ஒன்று. இதைச் சொல்லிய மறுநாள் என் மனைவி குக்கரில் கொண்டைக்கடலை வைத்தாள். எங்கள் வீட்டுக் கொண்டைக்கடலை ஏழு விசிலுக்குக் குறைந்து வேகாது. ஏழாவது முடிந்ததும் குண்டைச் சற்றே தூக்கி ஆவியை நீளமாக விடுவதும் அவளுடைய பழக்கம். அந்த நீண்ட ஊதல் கேட்ட மாத்திரத்தில், பெரியவளும் சின்னவனும் தலையணைகளை மார்பில் கட்டிக்கொண்டு வாசல் திண்ணையில் வரிசையாக வந்து நின்றார்கள். அடுத்த வீட்டுக் கொங்கணி மாமியின் குக்கர் இரண்டு விசிலோடு நின்றுபோனபோது, அது ஆபத்தில்லை என்று தங்களுக்குள் நிச்சயித்துக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள். என் தமக்கையாருக்கும் ஒரு தலையணை ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் இரண்டு நாள் அவர் மறுத்தார். மூன்றாம் நாள் திண்ணையில் இடம்பிடிப்பதில் மற்ற இருவரையும் முந்திக்கொண்டார்.

எஞ்சியிருந்த பெரிய கண்டம் ஒன்று. அதைப் பற்றிக் குழந்தைகளைக் காட்டிலும் என் மனைவிக்குத்தான் கவலை அதிகம். பவளப் பாறைகள் சூழ்ந்த அத்தீவுகளில் பலவற்றுக்குப் பெரிய கப்பல் அருகில் போக முடியாது. அது வெளியே ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, விலாப்பக்கத்துக் கதவைத் திறந்து, ஆடிக்கொண்டிருக்கும் சிறு படகில் பிரயாணிகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்குவார்கள். இதற்கு ஒத்திகை பார்க்க மட்டாஞ்சேரிப் படகுத்துறையைவிட உத்தமமான இடம் உலகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நீர்ப்போக்குவரத்து இலாகாவின் படகில் எர்ணாகுளம் போய்த் திரும்புவதென்று ஏற்பாடு செய்துகொண்டோம். படகு எழும்பும்போது காலை வைக்க வேண்டும், தாழும்போது வைக்கலாகாது. நீட்டிய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்தவர் யார் என்று விசாரிக்கக் கூடாது: இவையே சூத்திரங்கள்.

படகில் போகும்போது எதிரே தெரியும் வெலிங்டன் தீவின் விருத்தாந்தத்தைச் சொல்வேன். எங்கள் கொச்சியிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். கழிமுகத்தில் மணல்திட்டு மறித்துக் கிடந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வரமாட்டாமல் திறந்த கடலில் நிற்க, மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் மிளகும் சுக்கும் கயிறும் தோணிகளில் ஏறி அலைகளோடு மல்லாடித்தான் அவற்றைச் சேர வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர், சென்னை கவர்னர் வெலிங்டன் பிரபுவின் ஆதரவோடு அந்தத் திட்டைத் தோண்டி ஆழமான வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணையெல்லாம் உள்ளே கொட்டி உயர்த்தியதால் உண்டானது இந்தத் தீவு. 1928 மே 26-ம் தேதி ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரிஸ்டோ துரை மண் தோண்டிய கதையை நான்கு ஞாயிறு கேட்டபின், பெரியவள் ஐந்தாம் ஞாயிறு அதை என்னைவிட வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, நிம்மதியாகக் கடலை கொறிக்க ஆரம்பித்தாள். என் மனைவி படகின் நடுக்கட்டையைப் பிடித்த பிடியை மட்டும் கடைசிவரை விடவில்லை.

பரங்கித் துரையை இவ்வளவு புகழ்ந்துவிட்டுத் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓட விட்ட சரித்திரத்தை உணர்ச்சி ததும்பக் கூறினேன். சின்னவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவரு வாந்தி எடுத்தாரா தாத்தா?” என்றான். வாந்தி எடுப்பது வீரத்துக்கு விரோதமன்று என்று நிலைநாட்டுவது அவசியமாயிற்று. டிரபால்கர் யுத்தத்தில் ஜயித்த நெல்சன், கடற்படையிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லத்தக்க நெல்சன், கடைசிவரையில் கடல்நோயால் அவதிப்பட்டவன். ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிய டார்வினும் அப்படியே. காதுக்குள் இருக்கும் ஒரு நுட்பமான கருவி ஆட்டத்தைச் சொல்ல, அறையின் சுவரைப் பார்க்கும் கண் ஆட்டமில்லை என்று மறுக்க, இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால் வயிறு தீர்ப்பு வழங்குகிறது. அடைபட்ட அறையில் படுத்துக்கிடக்காமல் காற்றாட மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால், காதும் கண்ணும் சமாதானமாகிவிடும். குழந்தை வைத்தியர் தந்த மருந்து ஒருபுறமிருக்க, உலகச் சந்தையிலே கொச்சிச் சுக்கு என்றே பெயர் வாங்கிய சரக்கின் தலைவாசலில் குடியிருந்துகொண்டு அதை உபயோகிக்காமல் இருக்கலாமா? தமக்கையார் கொண்டுவந்த கருப்பட்டியோடு அதை இடித்து உருண்டை பிடித்தாள் என் மனைவி. மருமகன், தமக்கு இதெல்லாம் தேவைப்படாதென்று சிரித்தார்.

கடைசியாக நின்றது துணியானை. அதன் பெயர் குருவாயூரான். சின்னவன் அதைவிட்டு ஓர் இரவும் உறங்கியதில்லை. எல்லோருக்கும் அனுமதி வந்தது, அதற்கு மட்டும் வரவில்லை என்பதே அவனுடைய மனத்தில் மற்ற எல்லாக் கவலைகளுக்கும் வேராக இருந்ததென்று அப்போது தெரிந்தது. தண்ணீரைப் பற்றியோ புயலைப் பற்றியோ அல்ல, வாசலில் நிறுத்திவிடுவார்களோ என்பதைப் பற்றியே அவன் பயந்துகொண்டிருந்தான். மேஜையைத் துடைத்து, கம்பெனிக் காலத்துப் பேனாவை எடுத்து, முழுநீளக் காகிதத்தில் இவ்வாறு எழுதினேன்: “இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மட்டாஞ்சேரியில் நிரந்தர வாசமுள்ள குருவாயூரான் என்னும் யானை, நிறம் சாம்பல், எடை சுமார் கால் கிலோ, அங்க அடையாளம் தும்பிக்கையில் ஒரு தையல், தன் உடைமையாளருடன் லட்சத்தீவுகளுக்குச் சென்று திரும்ப ஆட்சேபணை இல்லை.” கிடங்கில் உபயோகித்து வந்து, ஓய்வு பெறும்போது ஞாபகார்த்தமாக எனக்குக் கொடுக்கப்பட்ட ரப்பர் முத்திரையை அதன் கீழே அழுத்தினேன். அதில் இருப்பது, எடை சரிபார்க்கப்பட்டது என்ற வாசகந்தான். ஆனால் யானை விஷயத்தில் அது முற்றிலும் உண்மை.

புறப்படும் நாளன்று துறைமுக வாசலில் காவலுக்கு நின்ற ஜவான், வடதேசத்தவர், மீசைக்காரர், எங்கள் காகிதங்களைப் பார்த்துவிட்டுப் பைகளைச் சோதனை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார். யானையும் உள்ளே போய், எலும்பில்லாத பிராணி என்று திரையில் நிரூபணமாகி வெளியே வந்தது. சின்னவன் அதை எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே நின்று, அனுமதிச் சீட்டை இரண்டு கைகளாலும் நீட்டினான். ஜவானுக்குத் தமிழ் தெரியாது. சீட்டைத் தலைகீழாகப் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு முத்திரையைப் பார்த்தார். முத்திரை இருந்தால் வாசிக்க வேண்டியதில்லை என்பது பாரத தேசம் முழுவதற்கும் பொதுவான நிர்வாகத் தத்துவமாதலால், தலையை அசைத்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, யானைக்கு ஒரு சலாமும் வைத்தார்.

அதன் பிறகு குழந்தைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. பைலட் கயிற்றேணியில் இறங்குவதைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒத்திகை ஊதலை விரல்விட்டு எண்ணி, ஏழு சரியாக இருக்கிறதென்று பக்கத்திலிருந்த குடும்பத்துக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். கொச்சியின் விளக்குகள் மறைவதற்குள் உறங்கிவிட்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் என் மருமகன்தான் கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடந்தார். முகம் வெளிறி, கண்கள் செருகி, சுவரோடு முகம் புதைத்துப் படுத்திருந்தவரின் அருகே, யானையை மடியில் வைத்துக்கொண்டு சின்னவன் உட்கார்ந்திருந்தான். “பயப்படாதீங்கப்பா” என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “கப்பலோட பக்கத்துல ஒரு வட்டம் இருக்கும்பா. நடுவுல ஒரு கோடு. முதல்ல எஸ். எஸ்ன்னா கோடைக்காலம்” என்று தொடங்கி, நன்னீருக்கும் உப்புநீருக்கும் உள்ள பேதம், பிளிம்சால் பாராளுமன்றத்தில் போட்ட சண்டை, ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தில் கோடு எங்கே வரையப்பட்டிருக்கிறது என்பது உட்பட ஒன்றையும் விடாமல் நிதானமாக உபதேசித்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த மருமகன், திடீரென்று எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல் மேல்தளத்துக்கு ஓடிவந்துவிட்டார். நான் அங்கே காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

“மாமா, இவனுக்கு இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கக் கேட்டார். தொடுவானத்தைக் காட்டி, “அதையே பாருங்க மாப்பிள்ளை, சரியாப் போயிரும்” என்றேன். பார்த்தார், காற்றும் பட்டது, சற்று நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பி, காபி கிடைக்குமா என்று விசாரிக்கும் அளவுக்குத் தேறினார். அதற்குள் படிக்கட்டில் சிறு காலடிகள் கேட்டன.

“அப்பா, ‘டபிள்யூ’ இன்னும் சொல்லல” என்றான் சின்னவன்.